பதினான்கிலிருந்து நாற்பத்தொன்றுக்குக் குடிபெயர்ந்தவர்

ஆண்டவன் துணை

என் வீட்டுக்காரரை எனக்கு முன்பே தூக்கி வளர்த்த அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் தம்பியும் நலம்தான். போலீஸ் பாதுகாப்பில் இருப்பவருக்கு என்ன குறை? உங்கள் முழங்கால் வலி குறைய தினமும் காலையில் வேண்டிக்கொள்கிறேன். நேற்று மட்டும் முழங்காலை விட்டுவிட்டு வேறொன்றுக்காக வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று, மன்னிக்கவும்.

நீங்கள் பிறந்த இந்த வீடு எல்லையிலிருந்து ஏழு கிலோமீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து கிலோமீட்டரோடு நின்றிருந்த சோதனை வட்டத்தைப் போன மாதம் பத்தாக்கிவிட்டார்கள். இத்தனை வருஷம் ஒரு தெருவிளக்குக்கு வழியில்லாமல் கிடந்த நம் தெருவை அரசாங்கம் இப்படி வாரி அணைத்துக்கொள்ளும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இனி போலீஸ் யாரையும் நிறுத்தலாம், தட்டாமல் வீட்டுக்குள் வரலாம், ‘சந்தேகம்’ என்று ஒரு வார்த்தை எழுதிப் பத்து நாள் வைத்துக்கொள்ளலாம், அதற்குள் ஆதாரம் வராவிட்டால் வேனில் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிடலாம். தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரர் தினமும் நம் வீட்டில்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கார்டு?" என்பார். "தினம் பாக்குற மூஞ்சிதானேப்பா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்மா. தெரியும்னு சொன்னா, தெரிஞ்சதுக்கு ஆதாரம் கேக்குறாங்க" என்றார். பாவம், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

முந்தாநாள் காலை உங்கள் தம்பி குப்பை வாளியோடு தெருமுனைக்குப் போனார். பனியனில் பை இல்லை, பை இல்லாததால் கார்டு இல்லை, கார்டு இல்லாததால் வாளி மட்டும் வீடு திரும்பியது. நான் கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதில் கதவு எண் பதினான்கு. நகராட்சி போன வருஷம் தெருவை மறுகோடியிலிருந்து எண்ணியதில் நாம் இப்போது நாற்பத்தொன்று.

"பதினாலுல இருந்தவரு எப்பம்மா நாப்பத்தொண்ணுக்கு வந்தாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரு வரலை சார். நம்பர்தான் வந்துச்சு."

"எந்த வழியா?"

கரண்ட் பில்லைக் காட்டினேன். அது உங்கள் அப்பா பேரில் இருக்கிறது. காலமாகி ஒன்பது வருஷம் ஆனாலும், இந்த வீட்டில் சட்டப்படி வசிப்பவர் மாமா ஒருவர்தானாம். அவரை யாரும் பிடிக்கமாட்டார்கள், நிம்மதி. கடைசியில் வேறு வழியில்லாமல் என் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனேன். "எழுதக் கத்துக்கிட்டாலும் கத்துக்கிட்டா, கைய நிறுத்த மாட்டேங்கிறா" என்று நீங்கள் சிரிப்பீர்களே, அதே நோட்டுகள்தான். எது எப்போது தீர்ந்தது, யார் வந்தார்கள், உங்கள் தம்பி எதற்கு முகத்தைச் சுளித்தார் என்று பதினேழு வருஷக் கணக்கு. இன்ஸ்பெக்டர் சத்தமாகவே படித்தார்: "‘குளியலறைக் கதவு கிறீச்சிடுகிறது என்றார். எண்ணெய் போடச் சொன்னேன். நாளை என்றார்.’" பக்கத்தைத் திருப்பினார். "‘நாளை என்றார்.’" ஒரு கட்டுப் பக்கங்களைச் சேர்த்துத் திருப்பினார். "‘நாளை என்றார்.’ இது அதே கதவாம்மா?"

"இன்னும் அதே கதவுதான் சார்."

"தொடர்ந்து வசிச்சதுக்கு இதைவிட நல்ல ஆதாரம் நான் பாத்ததில்லை" என்றார். உங்கள் தம்பி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஏதோ சாதித்த மாதிரி. அப்போதுதான் பதினோரு வருஷத்துக்கு முந்தைய நோட்டில் இன்ஸ்பெக்டரின் விரல் நின்றது. இருபத்திரண்டு நாள், நாளுக்கு ஒரே வரி: ‘இன்று வீட்டில் நிம்மதி.’ "இந்த இருபத்திரண்டு நாள் இவரு எங்க போனாரு? அந்தப் பக்கமா?"

அண்ணி, அந்த நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் அனுப்பிய பழைய பீரோவை நான் வாசலில் இறக்கி வைத்த விவகாரத்தில் கோபித்துக்கொண்டு அவர் உங்கள் வீட்டில்தான் வந்து இருந்தார். "அவதான் தொரத்திவிட்டா" என்று நீங்கள் சொந்தபந்தம் முழுக்கச் சொன்னீர்கள். நானும் எல்லாச் சாமி பேரிலும் சத்தியம் செய்து மறுத்தேன். இப்போது என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன்: துரத்தினேன். போனில் சொன்னால் செல்லாதாம். நீங்கள் உங்கள் கைப்பட, ‘அவள் துரத்திவிட்டாள், இருபத்திரண்டு நாளும் என் வீட்டில்தான் சாப்பிட்டான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பவும். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் நமக்கு ஒரு ஆளையும் தெரியாது. அவருக்கோ தன் துண்டு எங்கே இருக்கிறது என்பதே என்னைக் கேட்டால்தான் தெரியும்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, எல்லையிலிருந்து நீண்ட தூரத்தில் இருக்க ஆண்டவன் அருள்வானாக. பீரோ நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். கடிதத்தை ஒட்டும்போதே உங்கள் தம்பி வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் மாறிவிட்டாராம், புதியவர் நோட்டுப் படிக்கப் பொறுமையில்லாமல் விட்டுவிட்டாராம். ஆகவே மேலே நான் ஒப்புக்கொண்டது செல்லாது. நான் துரத்தவில்லை, அவராகத்தான் போனார்.

இன்னொன்று: இதை ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து எழுதுகிறேன். எழுதின கடிதத்தை வீணாக்குவானேன் என்று தபாலில் போடப் போனேன், வழியில் பிடித்துவிட்டார்கள். கார்டை மறக்கவில்லை, கையிலேயே இருந்தது, அதிலும் பதினான்கு. உங்கள் தம்பி ‘நாளை’ என்று சொல்லாமல் உடனே நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். புதியவர் ஒன்றை மட்டும் வாங்கி நாலு பக்கம் புரட்டினார். "இதுல முழுக்க இவருதான் இருக்காரு. நீங்க எங்கம்மா இருக்கீங்க?" என்றார். பதினேழு வருஷத்தில் என்னைப் பற்றி ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை அண்ணி.

ஆகவே தயவுசெய்து எழுதுங்கள். நல்லதாக எதுவும் யோசித்து எழுத வேண்டாம், அதற்கு நாள் ஆகும். கல்யாணம் ஆன நாள் முதல் என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்லி வந்தீர்களே, அதை அப்படியே, தேதியோடு எழுதுங்கள். ஒரு நாள்கூட விடாமல் என்னைக் கவனித்து வந்த சாட்சி உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை.