முன்னறிகுறிக் குழு

திரைப்படக் காப்பகத் துறையில் ஒரு விதி உண்டு. ஓர் இயக்குநரின் பிற்காலப் பாணி அவருடைய ஆரம்பகாலப் படைப்பிலேயே தென்பட்டிருந்தால்தான் பாராட்டு விழாவில் அவரை ‘மேதை’ என்று அழைக்கலாம். இல்லையென்றால் ‘உழைப்பாளி’.

தமக்குப் பாராட்டு விழா எடுக்கப்போவதாகத் துறை அனுப்பிய கடிதத்தில் இந்த விதியை இயக்குநர் இரண்டாம் முறையும் படித்தார். அவர் படங்களில் யாருக்கும் தலை தெரியாது, யாரும் பேச மாட்டார்கள். உலகமே கொண்டாடியது. ஆனால் அவருடைய முதல் படம், இதே துறைக்கு எடுத்துக் கொடுத்த கை கழுவும் விளக்கப்படம். பதினான்கு குறைகள் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவமானத்தில் ஒரு வாரம் அவர் வெளியே தலைகாட்டவில்லை.

அதில் கை கழுவிய மனைவியையும் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனார். கண்காணிப்பாளர் பழைய கோப்பைப் பிரித்தார்.

“குறை ஒன்று, நடிகையின் தலை தெரியவில்லை. குறை இரண்டு, ஒலி இல்லை.” அவர் கண் கலங்கிவிட்டது. “சார், அப்பவே எல்லாம் இருக்கு சார்!”

“அதைக் குறைன்னு நீங்கதானே எழுதினீங்க?” என்றார் இயக்குநர்.

“அப்போ முதல்ல கண்டுபிடிச்சது நாங்கன்னுதானே அர்த்தம்?”

“கேமரா ஸ்டாண்டோட கால் ஒடிஞ்சிருந்தது சார்,” என்றாள் மனைவி. “மைக்கும் கிடைக்கல. என்னங்க, நீங்களே சொல்லுங்களேன்.”

இயக்குநர் வாயைத் திறந்தார். ‘உழைப்பாளி’ ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

“பாத்தீங்களா, அதே மௌனம்!” என்று கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

விழா அமர்க்களமாக நடந்தது. மேதையை, விருதுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முன்னறிகுறிக் குழுவின் தலைவராகவும் ஆக்கினார்கள். முதல் கூட்டத்துக்கே ஓர் இளம்பெண்ணின் முதல் படம் வந்தது. பார்த்து முடித்த இயக்குநர் மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார். அத்தனை நல்ல படம்.

“ஆரம்பகாலப் படைப்பு இணைக்கல,” என்றார் கண்காணிப்பாளர்.

“இதுதாங்க அவங்களோட முதல் படம்,” என்றார் இயக்குநர்.

“அப்போ இதுக்கு முன்னாடி எடுத்ததைக் கேட்டு எழுதிடலாம்.”

இயக்குநர் யோசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் அந்தப் பெண் ஒரு குறும்படத்தோடு வந்தாள்.

“எப்பம்மா எடுத்தது?” என்று கேட்டார் இயக்குநர்.

“முந்தாநாள் சார்.”

குழு கூடிப் பார்த்தது. முதல் படத்தின் சாயல் அப்படியே இருந்தது. “இவருடைய பாணி இதிலேயே தென்படுகிறது” என்று இயக்குநர் தம் கைப்பட எழுதினார். விருது அவளுக்கே. விழாவில் அந்தக் குறும்படத்தை இரண்டு முறை திரையிட்டார்கள். நல்ல படத்தை யாரும் கேட்கவில்லை.