நெம்மேலி வளைவில் ஒட்டிய கயிறு

ஒற்றை ஆட்டோவில் ஆரம்பித்து, சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன்களை வரிசையாக நிறுத்தியவன் நான். கோவளத்தில் மாடி வீடு, செங்கல்பட்டில் ஒர்க்‌ஷாப், இரண்டிலும் என் பேர் போட்ட போர்டு. அஞ்சாம் கிளாஸைத் தாண்டாதவன் கட்டியதுதான் அத்தனையும். அப்பேர்ப்பட்ட என்னையே அதட்டிய ஒரே ஜென்மம் என் டிரைவர் வெள்ளைக்கோடு.

சொந்தப் பேரை அவர் பெண்டாட்டியே மறந்திருப்பாள். அவர் மச்சானும் என்னிடம்தான் வேன் ஓட்டினான். ஒரு மத்தியானம் நெம்மேலி வளைவில் கண் அசந்து நடுக்கோட்டைத் தாண்டினான். எதிரே லாரி. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை; எந்நேரமும் ரோட்டு வெள்ளைக்கோட்டுப் பேச்சுதான், அதுவே பேராகிவிட்டது. பந்தியில் சாம்பார் பொரியல் பக்கம் ஓடினால், "கோட்டத் தாண்டாத!" என்று சாம்பாரையே அதட்டுவார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் காரை மறித்து, "லெஃப்ட்ல போ மச்சான், பொண்ணு எங்கியும் ஓடிடாது" என்றார்.

ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புக்குள் புயலாக நுழைந்தார்.

"அண்ணாத்த, தார் வேணும்."

"இன்னாத்துக்கு?"

"தூங்குறவனுக்குக் கோடு தெரியாது, சத்தம் கேக்கும். பீச்சாண்ட பழைய படகுக் கயிறு கீது. துண்டு போட்டுக் கோட்டாண்ட ஒட்டிட்டா, டயரு ஏறுனதும் தடதடன்னு எழுப்பிடும்."

"ரோடு இன்னா உன் மாமியா வூடா? புடிச்சி உள்ள வெச்சிருவாங்கய்யா!"

"வெக்கட்டும். அங்க கம்பியாச்சும் நேரா கீது."

தார் என்னுடையது. காய்ச்சிய அடுப்பும் என்னுடையது. சிவப்புத் துணி பிடித்து வண்டிகளை ஒதுக்கியதும் நான்தான்.

நாலைந்து நாளில் ரோடு இன்ஜினீயர் ஜீப்பில் வந்து குதித்தார். "யாரைக் கேட்டு ஒட்டினீங்க? பிடுங்குங்க!" வெள்ளைக்கோடு கயிற்று வரிசையின் கடைசித் துண்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரை இழுக்கலாமா, ஓடலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது கோவளம் நோக்கி என் வேன் வந்தது. உள்ளே மத்தியான ஷிப்டுக்குப் போகும் பெண்கள். டிரைவர் தலை தொங்கியிருந்தது. வேன் வளைவின் தொடக்கத்திலேயே சாவகாசமாகக் கோட்டின் மேல் ஏறியது. எதிரே பஸ்.

தடதடதட!

ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பியது. பஸ் உரசாமல் போனது. இன்ஜினீயர் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளைக்கோடு ஓடிப்போய் டிரைவரின் சட்டையைப் பிடித்தார். "பிரியாணி துன்னியாடா?"

"துன்னேண்ணே."

"துன்னுட்டுத் தூங்கு. தூங்கிகினே ஓட்டாத!" திட்டிக்கொண்டே அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அப்புறம் கயிற்றை எடுத்துவிட்டு, அதிகாரிகளே கோட்டோரம் முறையான தடதட மேடுகள் போட்டார்கள். வெள்ளைக்கோட்டுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. வேன் ஓட்டுவதில்லை. ஆனாலும் வீட்டில் இருக்க முடியாமல், தினமும் என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்கிறார். அந்த வளைவு வந்தால் காதைத் தீட்டிக்கொள்வார். சத்தம் வராவிட்டால்தான் மூச்சு விடுவார்.

அந்த வளைவில் ஒரு போர்டு வைத்தாக வேண்டும். தார் கொடுத்தவன் என்று அதில் என் பேர் வந்தாக வேண்டும், விடமாட்டேன். அவர் பேர் மேலே இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் கோடு போட்டுவிடாதீர்கள்.