டார்ச்சை நேரா பிடிங்கப்பா

“டார்ச்சை நேரா பிடிங்கப்பா! எனக்கு இன்ஜின் தெரியணும், உங்க செருப்பு இல்ல!”

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஹெட்கிளார்க் மகன் கத்தினார். பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் குனிந்திருந்த அப்பா, ஐம்பது வருஷம் ஊசியில் நூல் கோத்த கையை நீட்டி டார்ச்சை நேராகப் பிடித்தார். தன்னை முதியோர் இல்லத்துக்கு ஏற்றிப்போகும் காரை ரிப்பேர் செய்யத் தானே வெளிச்சம் காட்டும் பாக்கியம் எத்தனை அப்பாக்களுக்குக் கிடைக்கும்?

போன ஞாயிறே கிளம்பியிருக்க வேண்டும். வேட்டி, சட்டை, மாத்திரை எல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டன. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: “தையல் மிஷின் மட்டும் கூட வரட்டும்டா.” அதையும் அதற்கு முந்தின நாளே மகன் டிக்கியில் தூக்கிப் போட்டுவிட்டார். அவ்வளவு அவசரம். காலையில் பார்த்தால் முன்சக்கரங்களுக்கு நடுவே தட்டு அகலத்துக்கு எண்ணெய்.

“டர்போ டீசல் வண்டி. ஆயில் இல்லாம ஓட்டினா, இன்ஜினுக்குக் காத்து ஊதற டர்போ போயிடும்” என்று பயணத்தைத் தள்ளி வைத்தார். இல்லத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் அந்தக் கட்டில் வேறொருவருக்கு.

“ஒரு டாக்ஸி வச்சுக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்களேன்” என்றாள் மனைவி.

“பெத்த அப்பாவை வாடகை வண்டியிலயா கொண்டுபோய் விடுவாங்க? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

“அப்ப மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.”

“அவன் பத்து நாள் வண்டியப் போட்டு வச்சுக்குவான். போன்ல வீடியோ பாத்தேன். அரை மணி நேர வேலை.” விரலில் எண்ணெயைத் தொட்டுக் காட்டினார். “கண்ணாடி மாதிரி இருக்கு பாரு. நான் வண்டிய வச்சிருக்கற லட்சணம் அப்படி!”

திங்களன்று ஆயில் தொட்டிக்குக் கீழே இருந்த போல்ட்டை முறுக்கினார். முறுக்கினார், இன்னும் முறுக்கினார். மரை தேய்ந்து, போல்ட் கையோடு வந்தது. நாலு லிட்டர் கருப்பு எண்ணெய் அவர் மார்பிலேயே இறங்கியது.

“ஐயோ, இது கருப்பா இல்ல இருக்கு!” என்றாள் மனைவி.

“உள்ள இருந்த அழுக்கெல்லாம் இப்பத்தான் வெளிய வருது. நல்லதுக்குத்தான்!”

போல்ட்டில் டேப் சுற்றி அடைத்துப் புது ஆயில் ஊற்றினார். மறுநாள் காலை அதே இடத்தில் அதே தெளிந்த எண்ணெய். புதன்கிழமை கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றினார். வியாழனும் அதே. வெள்ளியன்று லீவு போட்டு, டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்கும் குழாயைக் கழற்றி, அடைப்புப் பசையை ஒரு முழு டியூப் அப்பி மாட்டினார். வாரம் முழுக்க அப்பா வெளிச்சம் காட்டினார். ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. போல்ட் உருண்டால் எடுத்துக் கொடுத்தார், துணி கேட்டால் துணி கொடுத்தார்.

“இவ்வளவு பொறுமையா இருக்கீங்களேப்பா” என்று மகனே ஒரு தடவை நெகிழ்ந்தார். நெகிழ்ந்துவிட்டு, ஸ்பேனர் கேட்டார்.

இன்று ஞாயிறு. பத்தரை மணிக்குக் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து சாவியைத் திருப்பினார்.

பசை குழாயை அடைத்திருந்தது. கீழே இறங்க வழியில்லாத எண்ணெய் டர்போ வழியாக இன்ஜினுக்குள்ளேயே போய் டீசலுக்குப் பதிலாக எரிய ஆரம்பித்தது. வண்டி ஊளையிட்டது. வெள்ளைப் புகை வாசலை மூடியது. ஹெட்கிளார்க் சாவியை உருவிக் கையில் எடுத்துவிட்டார். வண்டி நின்றால்தானே!

“சாவி இங்க இருக்கு! அப்புறம் எப்படிடி ஓடுது?”

“என்னைக் கேட்டா? வீடியோல பாருங்க!”

புகையைப் பார்த்துத் தெருமுனை மெக்கானிக் ஓடிவந்தார். கொடியில் கிடந்த போர்வையைச் சுருட்டி, காற்று உறிஞ்சும் குழாயில் திணித்து அடைத்தார். வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி அடங்கியது. “இன்ஜின் போச்சு சார்” என்றார்.

அதை நம்பாமல் இன்ஜினைத் தட்டியும் முடுக்கியும் பார்த்ததில் ஒன்றரை மணி நேரம் போனது. மனைவி போனோடு வந்தாள். “மணி பன்னண்டேகால். இல்லத்துலேர்ந்து பேசினாங்க. கட்டிலை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்களாம்.”

ஹெட்கிளார்க் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் தரையில் பரவியிருந்த தெளிந்த எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார்.

“இது வண்டி ஆயிலே இல்லையே சார். டீசல் வண்டில புது ஆயில் ஊத்தினாலும் ரெண்டே நாள்ல மையாட்டம் கருத்துடும்.”

வாசல் பின்னாலிருந்து முன்னால் சரிந்து இறங்குவதைப் பார்த்தவர், எண்ணெய் வந்த வழியே பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். தையல் மிஷின் ஒருக்களித்துக் கிடந்தது. அதற்கு அடியில் நசுங்கிய மிஷின் ஆயில் கேன். பாதி காலி. மீதி இன்னும் அடித்தட்டின் ஓட்டை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஹெட்கிளார்க் எழுந்து வந்து டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார்.

“பெரியவரே, நீங்க டெய்லர்தானே? இது என்ன எண்ணெய்னு பாத்ததுமே தெரிஞ்சிருக்குமே. மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார் மெக்கானிக்.

அப்பா டார்ச்சை அணைத்தார்.

“சொல்லியிருந்தா மொத நாளே கிளம்பியிருக்கணுமே, தம்பி.”