கேஜில் இறங்கும் கம்ப்யூட்டர்

மனைவியை வீட்டோடு உட்கார வைத்தே தீருவேன் என்று இன்பராஜ் சபதம் போட்டபோது, மனைவி பிலோமினா பெங்களூர் ரயிலில் பங்காருப்பேட்டையைத் தாண்டியிருந்தாள்.

சபதத்தில் அதிகாரம் ஒன்றுமில்லை. வெறும் ஏக்கம்தான். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக ஷிப்ட் பார்த்தவன். இவன் வீட்டுக்கு வந்தால் அவள் தூக்கம். அவள் எழுந்தால் இவன் தூக்கம். சுரங்கத்தை மூடினதும், இனி பகலெல்லாம் பிலோமியோடு பேசலாம் என்று நம்பினான், பாவம். அவளோ குடும்பம் ஓடணுமே என்று பெங்களூரில் விலாசம் டைப் அடிக்கும் ஆபீசில் சேர்ந்துவிட்டாள். விடிகாலை போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாள்.

அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கிழடு. அடிக்கடி மயங்கி விழும். இன்பராஜ் அதே வயசில் ஒரு கிழட்டு கம்ப்யூட்டரை வாங்கி வந்தான். லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு, அதிலிருந்த பாட்டு, படம், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, டைப் அடிக்க மட்டும் மிச்சம் வைத்து, ஒரே ஃப்ளாப்பியில் அடக்கினான். புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்ததில் ஐந்து மாசம் ஆனது.

அதில் ஒரு தந்திரமும் பண்ணினான். உத்தரவெல்லாம் சுரங்கப் பாஷை. ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கும் இரும்புக் கூண்டுதான் 'கேஜ்'; அதை அடித்தால் திறக்கும். சுரங்கத்தின் அடுக்குக்குப் பேர் 'லெவல்'; அதை அடித்தால் அடுத்த பக்கம். பெங்களூர்க்காரர்களுக்குப் புரியாது. பிலோமி மட்டும்தான் அடிக்க முடியும், அதையும் வீட்டிலிருந்தே அடிக்கட்டும் என்று கணக்குப் போட்டான்.

"இன்னாங்க இது, டைப் அடிக்கச் சொன்னா சுரங்கத்துல இறக்கறீங்க?"

"அடிச்சிப் பாரு பிலோமி."

அடித்தாள். பட்டென்று பக்கம் திறந்தது.

"ஐயோ சாமி! எங்க ஆபீஸ் மெஷினு இதுக்குள்ள மூணு தபா நின்னிருக்கும்!"

"அதான். விலாசக் கட்ட வாங்கியாந்து இங்கியே அடி. ஓனர கேளு."

"ஃப்ளாப்பியக் குடுங்க. காட்டிட்டுக் கேக்கறேன்."

"காட்டு, காட்டு. அவங்களுக்கு ஒரு எழவும் புரியாது."

பிலோமினா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஓனர் ஒத்துக்கினாரு. நாளையிலேர்ந்து எனக்கு வீட்லதான் வேல."

இன்பராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "நெசமாவா பிலோமி?"

"நெசம்தான். ஆபீஸ் மெஷினு ஆறுலயும் உங்க ஃப்ளாப்பிதான். எல்லாம் குதிரையா ஓடுது. ஆனா கேஜு, லெவலுன்னா ஒருத்தருக்கும் புரியல. ஓனர் தலையப் பிச்சிக்கினாரு. எனக்கு இன்னா சார் தெரியும், செஞ்சவரு வந்து கூடவே உக்காந்தாதான் ஆவும்னு சொன்னேன்."

"எத்தினி நாளு உக்காரணும்?"

"உங்கள வேலைக்கே எடுத்துட்டாருங்க! ரயிலு குலுக்கி எனக்கும் இடுப்பு போச்சி, நான் இங்கியே அடிக்கறேன்."

"அடிப்பாவி! நீ வீட்ல இருந்தா ரெண்டு பேரும் பேசிக்கினு இருக்கலாம்னுதானேடி இவ்ளோ பண்ணேன்!"

பிலோமினாவின் சிரிப்பு நின்றது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அதே ஆசைதாங்க. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் பேசலாம். இப்ப சாப்ட்டு படுங்க, வெடிகாலையில ரயிலப் புடிக்கணும்."