டானியலுக்கு நான் போட்ட மரண அறிவித்தல்

எங்கள் சனத்திடம் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிக் கருத்துக் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லுவார்கள். சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தின் தலைவியே ஒரு காலத்தில் நான்தான். அப்படிக் கருத்துச் சொல்லப் போய், இந்த உலகத்தில் பிறக்கவே பிறக்காத ஒரு வெள்ளைக்காரருக்கு, கனடாவின் ரூஜ் பகுதியில் என் வீட்டு ஹோலில் பட்டப்பகலில் செத்தவீடு நடத்தியவள் நான்.

அது ஒரு ஆங்கிலக் குடும்பத் தொடர். ஏரிக்கரையில் ஒரு பழைய மரவீடு. அதில் டானியல் என்ற தகப்பன், மார்த்தா என்ற தாய், வளர்ந்த மூன்று பிள்ளைகள். மூத்தவன் குடிப்பான், நடுவில் உள்ளவள் இரண்டு தரம் கல்யாணம் முடித்துவிட்டாள், கடைக்குட்டி எதைச் சொன்னாலும் அழுவான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் எல்லாரும் சண்டை பிடிப்பார்கள். ஐம்பதாவது நிமிடத்தில் எல்லாரும் கட்டிப்பிடிப்பார்கள்.

இதைப் பார்ப்பதற்கென்றே எங்கள் பகுதிப் பெண்கள் இருபது பேர் வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். தொடங்கியவள் மட்டக்களப்புச் சாந்தி. பத்து வருடமாக என் பக்கத்துத் தெரு, என் உற்ற தோழி. பார்ப்பது வியாழன் என்றால் கருத்துச் சொல்வது வெள்ளி. "மகள் ஆறு மாசத்துக்குப் பிறகு வீட்டுக்கு வாறாள், சாப்பிட்டியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, உதென்ன குடும்பம்?" என்று ஒருத்தி எழுதுவாள். "குசினிக்குள்ள சப்பாத்தோட நிக்கிறாள்" என்று இன்னொருத்தி. நான் எழுதுவது மட்டும் நீளமாக இருக்கும். (ஊரில் தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரைக்கு இரண்டாம் பரிசு எடுத்தவள். போட்டியில் மூன்று பேர்.) என் கருத்துக்காகவே பத்துப்பேர் தொடரைப் பார்க்கிறார்கள் என்று சாந்தி ஒருநாள் சொல்லிவிட்டாள். அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை.

நான் விடாமல் திட்டியது ஒரே ஒரு விஷயத்தைத்தான். "அண்ணனும் தங்கச்சியும் காலமை சண்டை பிடிச்சுப் பின்னேரம் சேருகினம். கோவம் எண்டால் அப்பிடியோ இருக்கும்?" என்று ஒவ்வொரு வெள்ளியும் எழுதுவேன். அதை எழுதும் தகுதி எனக்கு நிறைய இருந்தது. அப்போது நான் என் அண்ணாவோடு கதைத்து ஐந்து வருடம்.

அண்ணா நகரத்தின் மற்றக் கோடியில், ரெக்ஸ்டேலில் இருந்தார். நானூற்றியோராம் நெடுஞ்சாலையில் ஏறினால் நேரே போக வேண்டியதுதான். அம்மா நாங்கள் சிறியவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். அப்பா யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். இந்தக் கனடாவில் எனக்கென்று இருந்த ஒரே இரத்தம் அண்ணா. நான் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது அப்பா வருத்தமாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். மூன்று கிழமை கிடந்தார். அண்ணா போனார், பார்த்தார், எரித்தார், திரும்பி வந்தார். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஒருநாள் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். அண்ணா நின்றார். தலை மழித்திருந்தது, மீசையைக் காணவில்லை. எங்கள் வீடுகளில் மூத்த மகன் எதற்காக மீசை எடுப்பான் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்று மறைத்தாராம். "இனி இந்தப் படியிலை கால் வைக்காதேங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவரும் ரோஷக்காரர், பிள்ளை சுகமாகப் பிறந்தபோதும் வைக்கவில்லை. கல்யாண மண்டபங்களில் அவர் சோற்று வரிசையில் நின்றால் நான் வடை வரிசையில் நிற்பேன். நல்ல சோறு எத்தனையை அப்படித் தவறவிட்டிருக்கிறேன்! அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். முதுகு வரவர அப்பாவின் முதுகு மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது. போய்த் தொட வேண்டும் போல இருக்கும். போகமாட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் டானியல் செத்தார். இரண்டாவது பருவத்தின் கடைசிப் பகுதி. கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்த மனுஷன் கதிரையில் இருந்தார், எழும்பவில்லை. நான் அழுத அழுகையைப் பார்த்து என் கணவர் சிவா தண்ணீர் கொண்டு வந்தார். பிறகு பயந்துபோய்த் தேத்தண்ணீர் கொண்டு வந்தார். "இஞ்சை பாரும், அந்தாள் சம்பளத்துக்கு நடிக்கிறவர். இப்ப வீட்டை போய்ச் சாப்பிட்டிருப்பார்" என்றார். அதற்கும் சேர்த்து அழுதேன்.

வெள்ளி காலையில் குழுவில் கருத்துகள் குவிந்தன. "நல்ல சாவு, படுக்கையிலை கிடக்கேல்லை" என்றார் ஒருவர். "மார்த்தா போன கிழமையே கறுப்புச் சட்டை வாங்கினவ, நான் அப்பவே சொன்னன்" என்றார் மற்றவர். நான் முதலில், "தோழிகளே, நம் டானியலுக்கு என் அஞ்சலி" என்று ஒரு வரி போட்டேன். அடுத்ததாக இதை எழுதி அனுப்பினேன்:

"ஏரிக்கரையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட டானியல் அவர்கள் வியாழக்கிழமை இறைவனடி சேர்ந்தார். அன்னார் மார்த்தாவின் அன்புக் கணவரும், மூன்று பிள்ளைகளின் பாசமிகு தந்தையும் ஆவார். வானொலியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்பவர். வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் பூட்டை இழுத்துப் பார்க்காமல் வாசல் படலை தாண்டாதவர். மீனைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டுத் தனக்குப் பசியில்லை என்று பொய் சொல்பவர். பல் போன பிறகும் பனங்கிழங்குப் புழுக்கொடியலைச் சப்புவதை விடாதவர். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: வசந்தி, ரூஜ்."

கீழே என் தொலைபேசி எண்ணையும் போட்டேன். மரண அறிவித்தல் என்றால் எண் இல்லாமல் எப்படி? (கட்டுரைப் போட்டிக்காரியின் ஒழுங்கு.) பத்து நிமிடத்தில் எழுதியது. இவ்வளவு நன்றாக நான் எழுதியதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சாந்தி அதைத் தன் தங்கைக்கு அனுப்பினாள். முதல் வரியை விட்டுவிட்டு, அறிவித்தலை மட்டும். தங்கை வேறு குழுவுக்கு அனுப்பினாள். டானியல் என்ற பெயர் எங்களில் தேவாலயம் போகும் வேதக்காரருக்கு இருப்பதுதானே. அது மல்வேர்ன், மார்க்கம் எல்லாம் சுற்றிவிட்டுச் சனிக்கிழமை காலை என் வீட்டுக்கே திரும்பி வந்தது.

முதலில் ஒரு ஆண்குரல். "பிள்ளை, பார்வைக்கு எப்ப வைக்கிறியள்?" தவறான எண் என்று வைத்துவிட்டேன். அடுத்தவர் மரண அறிவித்தல் போடும் இணையத்தளக்காரர். "அன்னாற்றை படம் ஒண்டு தெளிவா அனுப்புங்கோ அக்கா" என்றார். விஷயம் எனக்கு விளங்கியபோது கதவு மணி அடித்தது.

நாலாம் வீட்டு ராணி அன்ரி. கையில் இரண்டு பெரிய பாத்திரம். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். "இடியப்பமும் சொதியும் பிள்ளை. மத்தியானத்துக்குச் சோறு வேறை ஆள் கொண்டு வருது" என்றார். அந்த இடத்தில் "அன்ரி, அது பகிடி" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவர் விடிய எழும்பி இடியப்பம் பிழிந்து கொண்டு வந்திருந்தார். நான் தலையாட்டினேன். மேலே ஓடிப்போய்ச் சிவப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

இறங்கி வந்தபோது ஹோலில் ஏழு பேர். சிவா ஒரு மூலையில் கைகட்டி நின்றார், அவருக்கும் வருகிறவர்கள் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உமக்கு என்ன முறை பிள்ளை?"

"தூரத்து..." என்றேன். (பொய்யில்லை. கலிபோர்னியாவில் படப்பிடிப்பாம்.)

"என்ன வருத்தம்?"

"நெஞ்சு."

"பிள்ளையள் என்ன மாதிரி?"

"மூத்தவன் குடி அன்ரி. மகள் இரண்டாந்தரமும் டிவோர்ஸ்."

"ஐயோ, இந்த நாட்டிலை ஆற்றை வீட்டிலை உது இல்லை?" என்று ராணி அன்ரி மூக்கைச் சிந்தினார். உடனே மூத்தவன் ஏன் குடிக்கிறான் என்று ஹோலில் கருத்துகள் தொடங்கிவிட்டன. தாய் செல்லம் கொடுத்தது என்றார் ஒருவர். தகப்பன் ஒருநாளும் கடிந்து பேசியிருக்கமாட்டார் என்றார் இன்னொருவர். எங்கள் வெள்ளிக்கிழமைக் குழுவில்கூட இவ்வளவு ஆழமாக யாரும் அலசியதில்லை.

சாந்தி ஓடி வந்தாள். "என்ன புள்ள இது, நான் தங்கச்சிக்கு மட்டும்தானே அனுப்பின!" என்று காதுக்குள் சொன்னாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடினாள். அவள் குலுங்கியதைப் பார்த்து இரண்டு பேர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு அவளும் உண்மையாகவே அழத் தொடங்கிவிட்டாள்.

அப்போது யாரோ கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். செத்தவீட்டில் மணி அடிக்கத் தேவையில்லையே. வாசலில் அண்ணா நின்றார்.

வெள்ளைச் சட்டை இல்லை. வீட்டில் போடுகிற பழைய கோடு போட்ட சட்டை. கையில் தொலைபேசி. ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தப் படியைத் தாண்டி வந்தவர், ஒருவரையும் பார்க்காமல் நேரே என் முன்னால் வந்து நின்று, தொலைபேசியை நீட்டினார்.

"எடியே, உந்த வெள்ளைக்காரன் எப்ப புழுக்கொடியல் சப்பினவன்?"

நான் திரையைப் பார்த்தேன். நானே எழுதியதுதான். அப்போதுதான் முதல் தரமாக வாசிக்கிறவள் போல வாசித்தேன். டானியல் ஒருநாளும் வானொலி கேட்டதில்லை. அவர் வீட்டுக்குப் படலை இல்லை. அந்த ஏரிக்கரை மனுஷர் மீன் தின்று நான் பார்த்ததே இல்லை.

"என்ரை மனிசியும் உந்தத் தொடர் பாக்கிறவள். அவள்தான் சொன்னவள், உது டீவீயிலை செத்த ஆளெண்டு" என்றார் அண்ணா. "நான் வாசிச்சன். வாசிச்சுப்போட்டு அப்பிடியே காரை எடுத்துக்கொண்டு வாறன்."

ராணி அன்ரிக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. "அப்ப ஆர் தம்பி செத்தது?"

"எங்கடை அப்பா."

"எப்ப?"

"அஞ்சு வருசம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. சிவா தரையைப் பார்த்தார், சாந்தி கூரையைப் பார்த்தாள். ராணி அன்ரி மட்டும் எழும்பிக் குசினிக்குள் போய்த் தட்டுகளோடு வந்தார்.

"இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளை அழேல்லை போல கிடக்கு. சரி, சாப்பாடு வீணாகேல்லை. இருங்கோ எல்லாரும்."

இருந்தோம். முன்பின் தெரியாத சனம் என் ஹோலில் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து இடியப்பம் சாப்பிட்டது. அண்ணா என் பக்கத்தில் இருந்தார். நான் ஐந்து வருடத்துக்கு முன்பு, கதவைச் சாத்துவதற்குப் பதில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்பா கடைசியா என்ன சொன்னவர்?"

அண்ணா சொதியைக் குழைத்துக்கொண்டே இருந்தார். "வீட்டுப் பூட்டை இழுத்துப் பாத்தனியோ எண்டு கேட்டவர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டோம். "சொல்லியிருக்க வேணும் பிள்ளை. பிழைதான்" என்றார். அந்தச் சொல்லுக்காக எத்தனை கல்யாண மண்டபங்களில் காத்து நின்றிருக்கிறேன். கிடைத்தபோது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் இருந்து சாப்பிடுவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அதன் பிறகு ஒரு மாதம் நான் தலைகுனிந்துதான் கடைக்குப் போனேன். மரக்கறி எடுக்கிற இடத்தில் முன்பின் தெரியாத ஒரு அங்கிள், "பிள்ளை, அந்த மூத்தவன் இப்ப குடியை விட்டிட்டானோ?" என்று கவலையோடு கேட்டார். விட்டுவிட்டான் என்றேன்.

முப்பத்தோராம் நாள், செத்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்கிற நாளில், அண்ணா தொலைபேசி எடுத்தார். "டானியலுக்கு இண்டைக்கு அந்தியேட்டி எல்லே, என்ன சமைக்கிறாய்?" பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் மச்சாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் படத்தை வைத்து, அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். அப்பாவின் திவசம் என்று சொன்னால் இரண்டு பேரும் அகப்பையை வைத்துவிட்டு அழத் தொடங்கிவிடுவோம். டானியலின் திவசம் என்றால் சிரித்துக்கொண்டே சமைக்கலாம். அதனால் வருடாவருடம் அதே பெயரில்தான் நடக்கிறது. தொடர் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த நடிகர் வேறு எங்கோ நன்றாகத்தான் இருக்கிறார், போன வருடம் ஒரு பற்பசை விளம்பரத்தில் பார்த்தேன்.

இந்த வருடம் அண்ணாவின் மகள், புதிதாகக் கல்யாணம் முடித்த தன் கணவனோடு வந்திருந்தாள். கனடாவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. டானியலின் திவசம் என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தவன், மாலை போட்ட அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டான். பிறகு அண்ணாவிடம் திரும்பி, மரியாதையாகக் கேட்டான்.

"மாமா, இவர்தானே டானியல்?"

அண்ணா என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன்.

"ஓம் தம்பி" என்றார் அண்ணா. "இவர்தான்."