யன்னல் இல்லாத திறப்பு விழா

கட்டடத்துக்கு யன்னல் வைத்துவிட்டு, அதன் பிறகு அதைச் சுற்றி அலங்காரம் செய்த மனித குலத்தின் நெடுங்காலப் பிழையைத் திருத்திய பெருமை, முள்ளியவளை வீதியோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் அபிவிருத்திச் சங்கத்தையே சாரும்.

கைக்குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும் கிளினிக் அறை ஒன்று எங்களிடம் உண்டு. போர் முடிந்த மீள்குடியேற்றக் காலத்தில் யாரோ அன்பளித்த பிளாஸ்டிக் யன்னல்கள் அதில் இருந்தன. வெயிலில் வளைந்து, அடைத்தாலும் அடைபடாத பக்குவத்தை அவை அடைந்திருந்தன. வெளிநாட்டில் இருப்பவர்கள் புது யன்னலுக்கு உதவினார்கள். சங்கம் உடனே செயலில் இறங்கிப் பழையதைக் கழற்றி எறிந்தது.

புதியவை வவுனியாவிலிருந்து வரத் தாமதம். வெளிச்சுவரில் யன்னலைச் சுற்றிப் பதிக்கும் வெள்ளை பீடிங் மட்டும் வந்திருந்தது. திறப்பு விழாவுக்கு வரவிருந்த பிரதம விருந்தினருக்கோ அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் நேரமில்லை.

"பீடிங்கை முதல் அடிப்பம்," என்றார் தலைவர் மயில்வாகனம்.

"நடுவில ஓட்டையெல்லோ இருக்கும் அண்ணை," என்றார் பொருளாளர் குகதாசன்.

"அதுக்குத்தானே பனர்."

விருந்தினரின் புன்னகை அச்சிட்ட பனர்கள் ஓட்டைகளை மூடின. காற்றுக்குக் கிழியாமல் இருக்க அவற்றில் வழக்கம்போல அரைவட்ட வெட்டுகள் போட்டோம். நாடா வெட்டப்பட்டது. 'ஒளிமயமான எதிர்காலம்' பற்றி விருந்தினர் உரையாற்றினார். படம் எடுத்தது அடியேன்.

யன்னல்கள் வந்தன. பீடிங்கைக் கழற்றினால்தான் அவை உள்ளே போகும். மறுபடி கூட்டம்.

"திறந்துவைச்சதை உடைக்கிறதோ? நாளைக்கு அவர் எங்கட ஊருக்கு வருவாரோ?" என்று தலைவர் கேட்டார். யன்னல்களைச் சங்க அறையில் 'பாதுகாப்பாக' வைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

கார்த்திகை மழை எங்கள் தீர்மானத்தை மதிக்கவில்லை. பனர் வெட்டுகளால் சாரல் நேரே தராசில் இறங்கியது. குறைமாதத்தில் பிறந்த மகன் யதுர்ஷனோடு வந்திருந்த ராஜினி தலைவரிடம் கேட்டா.

"ஐயா, இவனுக்கு இப்பதான் நெஞ்சுச்சளி மாறினது. அந்த யன்னலைப் போட்டுவிடுங்கோவன்."

"தங்கச்சி, மழை கொஞ்ச நாள்தானே. பொறுக்கேலாதோ?"

"நான் பொறுப்பன். இவனைக் கேளுங்கோ." பிள்ளையை அவர் முன்னால் நீட்டினா. தலைவர் சட்டை நனையாமல் பின்வாங்கி, பொதுவாழ்வின் தூய்மையைக் காத்தார்.

அடுத்த கிளினிக்குக்கு ராஜினி பிள்ளை இல்லாமல் வந்தா. கையில் கிடங்கு கிண்டும் இரும்பு அலவாங்கு. பீடிங் முழுவதையும் பெயர்த்தா. வந்திருந்த தாய்மாரெல்லாம் சேர்ந்து சங்க அறையிலிருந்த யன்னல்களைத் தூக்கி வந்து வைத்தார்கள். அன்று பின்னேரமே அறை காய்ந்தது.

இந்த அராஜகத்தைச் சங்கம் பொறுக்குமா? பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்கு விசாரணைக் குழு அமைத்தோம். ராஜினிக்கு அறிவிக்கும் பொறுப்பு படித்த பிள்ளை என்று என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். யதுர்ஷனின் முகத்தில் மாஸ்க் வைத்து, மூச்சுத்திணறலுக்கு மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விசாரணை என்றேன்.

"என்ன சேதமாம்?" என்று கேட்டா ராஜினி.

"பீடிங்."

"வேற ஒண்டும் சேதமில்லையாமோ?"

கட்டிலில் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"இல்லை," என்றேன், சங்கத்தின் சார்பில்.