கிழக்கு நிற்காத உணவகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாலை நடந்த எதற்கும் நான் வெட்கப்படவில்லை. மாமனார் வீட்டில் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிழை என்னுடையதல்ல, கிழக்கினுடையது.

வதனிக்கும் எனக்கும் கலியாணம் பேசி முடித்து, மோதிரம் மாற்றுவதுதான் பாக்கியாக இருந்தது. அவளுடைய அப்பா கோயில் மண்டபம் என்றார். நான் விடவில்லை. மொன்றியல் நகர மையத்தில் ஒரு ஹோட்டலின் உச்சியில், மெல்லச் சுற்றும் உணவகம் ஒன்று இருந்தது. இருந்த இடத்திலிருந்தே ஊர் முழுவதையும் பார்க்கலாம். (புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி எண்ணுகிறவன் பெரிய ஆள் என்று காட்ட வேறு என்ன வழி?)

மாமா ஒரே நிபந்தனையோடு இறங்கி வந்தார். "தம்பி, நல்ல நேரத்துக்குள்ளை ரெண்டு பேரும் கிழக்கைப் பாத்து இருந்து மாத்தோணும். தவறினால் ஆடி போய் ஆவணியிலை பாப்பம்."

ஆவணிக்குள் ரொறன்ரோ டொக்டர் ஒருவரின் சம்பந்தம் உள்ளே நுழைந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கிழக்குத்தானே மாமா, என்னட்டை விடுங்கோ" என்றேன்.

அன்று உணவகத்தில் போய் இருந்ததும், தேங்காய், வெற்றிலை, மோதிரங்கள் வைத்த தட்டை அம்மா என்னிடம் தந்தார். மேசையில் இடமில்லை. பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பிறகு பரிசாரகரிடம் கிழக்கைக் கேட்டேன். அவர் ஸ்டேடியம் இருந்த பக்கம் கையைக் காட்டினார். இந்த ஊர்க்காரர் கிழக்கு என்று சொல்வது பாதி வடக்கு. என் போனின் திசைகாட்டி ஆற்றுப் பக்கம் காட்டியது. மாமா போனை நம்பினார். கதிரைகளை ஆற்றைப் பார்க்கத் திருப்பினோம்.

மாமா கண்ணை மூடித் தேவாரம் பாடினார். உருக்கமாக, அவசரமில்லாமல் பாடினார். கண்ணைத் திறந்தபோது எங்களுக்கு நேரே ஆறு இல்லை.

"தம்பி, கிழக்கு போட்டுது."

கதிரைகளை மாற்றினோம். படம் எடுத்தோம். மறுபடி கிழக்கு போய்விட்டது. பட்டுச்சேலையும் கோட்டும் போட்டுக்கொண்டு சங்கீதக் கதிரை விளையாடியவர்கள் அந்த ஹோட்டல் வரலாற்றிலேயே நாங்கள்தான். ஒருவழியாகச் சரியாக இருந்து மோதிரத்துக்குக் கை நீட்டினால், தட்டைக் காணவில்லை.

சுற்றுவது தரை மட்டும்தானாம். ஜன்னல் சுற்றாதாம். (இதை வாசலில் எழுதிப் போட்டால் என்ன?) தட்டு வைத்த இடத்திலேயே நிற்க, நாங்கள்தான் நகர்ந்து வந்திருக்கிறோம். தூரத்து மேசையில் மனைவியோடு இருந்த ஒரு வயதான கியூபெக்காரர் எங்கள் தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் முடியப்போகுது. ஆவணியிலை பாப்பம்."

உண்மையிலேயே பயந்துவிட்டேன். வதனியை இழந்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

அவள் எழுந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மேசைக்குப் போய், "போன்ஜூர்" என்று சொல்லி மோதிரங்களை எடுத்தாள். அந்தத் தம்பதி மரியாதையாக எழுந்து இடம் விட்டார்கள்.

"இஞ்சை வாங்கோ. கையைத் தாங்கோ."

"பிள்ளை, அது மலைப்பக்கம். மேற்கு" என்று மாமா பின்னால் ஓடி வந்தார்.

"இருக்கட்டும் அப்பா. நேரத்துக்குள்ளை மாத்துவம். இப்பிடியே இருந்தால் கிழக்கு பேந்து தானா வரும்."

மாற்றினோம். கையைப் பிடித்தபடி இருந்தோம். மலை மெல்ல விலகியது. சூப் ஆறியது. ஆறு எங்களுக்கு நேரே வரும்வரை மாமா திசைகாட்டியோடு காவல் நின்றார். வந்ததும், "சரி, சாப்பிடுவம்" என்றார்.

இப்போது கர்க்லாண்ட் வீட்டில் நானும் வதனியும் சண்டை பிடித்தால் மாமா சமாதானம் பேச வரமாட்டார். "விடுங்கோ, சுத்திக் கிழக்குக்கு வரும்" என்பார். எங்கள் மகள் அதையே பிரெஞ்சில் சொல்லிச் சிரிப்பாள்.

அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். கோயில் மண்டபத்தில் மேற்கைப் பார்த்து இருந்திருந்தால், இன்னும் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.